உணவுக்குழல் அடைபட்டுப் பிறக்கும் சிசுக்கள்

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலும் தமிழ்நாட்டின் பிற பாகங்களிலும், சிசு ஜனித்தவுடன் வீட்டில் மூத்தவர் ஒருவர் அதன் நாவில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைப்பது நெடுநாளைய வழக்கம். அன்பினால் செய்யும் அந்தக் காரியமே பிராணாபத்தாக முடியக்கூடிய பிறவிக் குறை ஒன்று உண்டு.

கர்ப்பத்தின் நான்காவது வாரத்தில், முன்குடல் என்னும் ஒரே குழாயிலிருந்து மூச்சுக்குழலும் உணவுக்குழலும் பிரிகின்றன. அந்தப் பிரிவினை பூரணமாகாதபோது, சுமார் 3,000 அல்லது 4,000 பிரசவங்களுக்கு ஒன்றில், உணவுக்குழலின் மேற்பாகம் நெஞ்சினுள் அடைபட்ட பையாக நின்றுவிட, வயிற்றிலிருந்து வரும் கீழ்ப்பாகம் பெரும்பாலும் மூச்சுக்குழலில் போய்த் திறந்துகொள்கிறது.

இக்குறையுள்ள சிசு தன் உமிழ்நீரையே விழுங்கமாட்டாமல் வாயில் ஓயாது நுரை தள்ளும். ஒரு வாய்ப் பால் கொடுத்தாலும் புரையேறி, மூச்சுத் திணறி, உடல் நீலம் பாய்ந்துவிடும். அதனினும் கொடியது, அழும்போதெல்லாம் காற்று வயிற்றை உப்பச் செய்ய, அங்குள்ள அமிலம் கீழ்வழியாக மேலேறி நுரையீரலைப் புண்ணாக்குவதுதான். வாய் வழியே செலுத்தும் மெல்லிய ரப்பர்க்குழாய் சுமார் 10 சென்டிமீட்டரில் தடைப்பட்டு நின்றால், எக்ஸ்ரே படம் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். இவ்வளவு எளிய சோதனைக்கு முன் பாலூட்டிவிடுவது எத்தனை பரிதாபம்!

1697-இல் தாமஸ் கிப்ஸன் என்னும் ஆங்கில வைத்தியர் இதைத் தெளிவாக வருணித்தும், 1941-இல் அமெரிக்காவின் மிஷிகனில் கேமரன் ஹெயிட் தவறான இணைப்பைக் கட்டிவிட்டு இரு முனைகளையும் ஒரே சஸ்திர சிகிச்சையில் தைத்து ஒரு சிசுவைப் பிழைக்கவைக்கும்வரை இரண்டரை நூற்றாண்டுகள் கழிந்தன. இன்றோ, நிறைமாதத்தில் வேறு பெருங்குறையின்றிப் பிறந்த சிசுக்கள், தக்க வசதியுள்ள இடங்களில் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. இருதயம், முதுகெலும்பு, சிறுநீரகம், ஆசனவாய் இவற்றிலும் குறைகள் சேர்ந்துவரக் கூடுமாதலால், அவற்றையும் சோதிப்பது அவசியம்.

திருவண்ணாமலையிலிருந்து சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சுமார் 190 கிலோமீட்டர். அந்தப் பிரயாணத்தில் சிசுவைக் கதகதப்பாகப் போர்த்தி, தலையைச் சற்று உயர்த்தி, மேற்பையில் ஊறும் உமிழ்நீரை அடிக்கடி உறிஞ்சி எடுத்துக்கொண்டே வருவதில்தான் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது.

ஆகவே தாய்மார்களே, பாட்டிமார்களே, பிறந்த பிள்ளைக்குச் சேனை வேண்டாம். அதன் வாயில் துடைக்கத் துடைக்க நுரை வந்தால், தாய்ப்பாலையும் நிறுத்திவிட்டு உடனே டாக்டரை அழையுங்கள்.