நிழற்படத்திற்கு நல்லுரை

படம் எடுப்போர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று நிழற்படக்காரரே. பொங்கல் விழா மேடையில் பாடும் சிறுமி ஒருத்திதான். அவளைப் படம் பிடிக்க உயரும் கைகளோ முப்பது, நாற்பது. ஆயினும், எடுத்த படத்தை ஊன்றிப் பார்த்து, அதன் நிறை குறைகளை எடுத்தவருக்குப் பயன்படும் வகையில் எடுத்துரைப்போர் நம்மிடையே மிகச் சிலரே. அக்கலையைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

ஊரை விட்டு வந்து வாழும் நம் போன்ற குடும்பங்களுக்குப் படம் வெறும் பொழுதுபோக்கன்று. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வளரும் பேரனைத் திருநெல்வேலியில் உள்ள பாட்டி அறிவது பெரிதும் படங்களின் வாயிலாகவே. கோடை விடுமுறையில் ஊர் சென்று திரும்பும் சிறுவனுக்கு வாய்க்காலும் திண்ணையும் தாத்தாவின் கைத்தடியும் மனத்தில் நிலைப்பதும் அவன் எடுத்து வந்த படங்களாலேயே. அப்படத்தை அவன் ஆவலுடன் நம்முன் நீட்டும்போது நாம் என்ன சொல்கிறோம்? "பேஷ், பிரமாதம்!" என்கிறோம், அல்லது, "ஒரே இருட்டாக இருக்கிறதே" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். முதற்சொல் அவனுக்கு ஒன்றும் கற்பிப்பதில்லை. இரண்டாம் சொல்லைக் கேட்டவன் மறுபடி காமிராவைத் தொடாமலே இருந்துவிடக்கூடும். அடுத்த கோடையில் அத்திண்ணையும் தாத்தாவும் அப்படியே இருப்பர் என்பது என்ன உறுதி? எடுக்கப்படாது போகும் படத்தின் இழப்பு குடும்பம் முழுவதற்குமே உரியது.

அவையில் வைத்தல்

படைப்பை அவையில் வைத்து ஆராய்வது தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. நூல் இயற்றியவர் அதனைப் புலவர் அவையில் அரங்கேற்றுவார். அவையினர் தடை எழுப்புவர். ஆசிரியர் விடை கூறுவார். நூல் செம்மையுற வேண்டும் என்பதே நோக்கம், ஆசிரியரைச் சிறுமைப்படுத்துவதன்று.

நிழற்படக் கலையும் இந்நாட்டில் இவ்வழியே வளர்ந்தது. 1839-ஆம் ஆண்டு பாரிசில் இக்கலை உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. பதினைந்தே ஆண்டுகளில், அதாவது 1854-இல், பம்பாயில் புகைப்படச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளிற் கல்கத்தாவிலும் சென்னையிலும் அத்தகைய சங்கங்கள் எழுந்தன. உறுப்பினர் தம் படங்களைக் கூட்டத்தில் வைத்து, ஒருவரிடம் ஒருவர் கற்றனர்.

அண்மைக் காலத்திற்கும் சான்று உண்டு. 1932-இல் தஞ்சாவூரிற் பிறந்து பெங்களூரில் வாழ்ந்தவர் டி. என். ஏ. பெருமாள். ஓ. சி. எட்வர்ட்ஸ் என்னும் மூத்த கலைஞரின் வழிகாட்டுதலைப் பெற்றுக் கானுயிர்ப் படக்கலையிற் பெரும்புகழ் எய்தினார். 2017-இல் அவர் மறைந்தபோது, அவரையே ஆசானாகக் கொண்டு வளர்ந்தோர் பலர் இருந்தனர். நல்ல கண் படைத்த ஒருவர் பக்கத்திலிருந்து சொல்லும் சொல், ஒருவரோடு நில்லாது தலைமுறை கடந்தும் செல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

முதலிற் பார்த்தல், பிறகு பேசுதல்

படத்தைக் கையில் வாங்கியதும் வாய் திறத்தல் கூடாது. ஒரு நிமிடமேனும் உற்று நோக்குக. கண் முதலில் எங்கே செல்கின்றது, பிறகு எங்கே தங்குகின்றது, எது இடையில் வந்து தடுக்கின்றது என்பவற்றைக் குறித்துக்கொள்க. பின்னர் எடுத்தவரையே வினவுக: "இதில் எதைக் காட்ட நினைத்தீர்கள்?" தாத்தாவின் முகத்தைக் காட்ட விரும்பினாரா, அவர் அமர்ந்திருக்கும் பழைய வீட்டைக் காட்ட விரும்பினாரா என்பதை அறியாமற் சொல்லப்படும் கருத்து, நோயை அறியாமற் கொடுக்கும் மருந்தை ஒக்கும்.

ஒருவர் ஒரே நாளில் நூறு படங்களைக் கொண்டு வருதலும் உண்டு. 120 அளவுப் பிலிம் சுருளிற் சதுரப் படமாயின் பன்னிரண்டே எடுக்கலாம் என்றிருந்த காலத்திற் சிக்கனம் தானாகவே அமைந்தது. இன்று அத்தடை இல்லை. ஆதலின், நூற்றில் ஐந்தை அவரையே தெரிந்தெடுக்கச் செய்தலும், ஏன் அவ்வைந்து என்று சொல்லச் செய்தலும் நல்ல பயிற்சியாகும்.

மங்கலின் மூவகை

"படம் தெளிவாக இல்லை" என்பது குறைகூறலேயன்றிக் கருத்தாகாது. தெளிவின்மைக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு.

சுவர், தூண், மனிதர் யாவும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் எடுத்தவர் கை அசைந்தது என்பது பொருள். முழங்கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, தூணிற் சாய்ந்து எடுக்கச் சொல்லலாம். 50 மில்லிமீட்டர் லென்ஸாயின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியின் 50-இல் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது. 200 மில்லிமீட்டராயின் 200-இல் ஒரு பங்கு. இது கையிற் பிடித்து எடுப்போர்க்குரிய பழைய கணக்கு.

சுவர் தெளிவாக இருக்க, ஓடும் குழந்தையின் கைகால்கள் மட்டும் கோடாக இழுபட்டிருந்தால் ஷட்டரின் வேகம் போதவில்லை. 250-இல் ஒரு பங்கு, 500-இல் ஒரு பங்கு என வேகத்தைக் கூட்டவேண்டும்.

குழந்தை இழுபடாமல், பனியிற் கரைந்தாற்போல் மங்கியிருக்க, பின்னால் உள்ள கொலுப்படி பளிச்சென்று தெரிந்தால், லென்ஸ் குவிந்த இடம் தவறிவிட்டது. கைபேசியாயின் திரையிற் குழந்தையின் முகத்தைத் தொட்டுவிட்டு எடுத்தாற் போதும். மூன்றும் மங்கலே, மருந்து வெவ்வேறு.

நிறமும் வடிவும் பற்றிய குறைகளும் இவ்வாறே. காமிராவின் ஒளிமானி தான் காணும் யாவும் இடைநிலைச் சாம்பல் நிறம் என்று கருதியே கணக்கிடும். ஆதலின் சட்டகம் நிறைய வெள்ளை வேட்டியோ சிம்லாவின் பனியோ இருந்தால் அவை அழுக்கேறியனபோல் விழும். ஒளியைச் சற்றுக் கூட்டி எடுக்கவேண்டும். மிக அருகில் நின்று எடுத்த முகத்தில் மூக்குப் பருத்துத் தோன்றும். ஐந்தடித் தொலைவில் எடுத்ததைவிட ஓரடித் தொலைவில் எடுத்ததில் மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தோன்றும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-இற் கணக்கிட்டுக் காட்டினர். ஆகவே, "அத்தையின் முகம் நன்றாக விழவில்லை" என்பதைவிட, "நான்கடி பின்வாங்கி எடு" என்பதே அறிவுரை.

விதியும் விருப்பமும்

பிழை வேறு, நமக்குப் பிடிக்காமை வேறு. இரண்டையும் குழப்புதல் ஆகாது. மூன்றிலொரு பங்கு விதி என்று ஒன்று சொல்லுவர்; முக்கியப் பொருள் நடுவில் அமையாமல் ஒருபுறம் அமையவேண்டும் என்பது அதன் கருத்து. 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்னும் ஆங்கிலக் கலைஞர் இயற்கைக் காட்சி ஓவியம் பற்றி எழுதுகையில் இப்பெயரை வழங்கினார். அது நல்ல வழிகாட்டியே, ஆனாற் சட்டமன்று. வாசலில் இட்ட புள்ளிக் கோலத்தையும் நேர் நின்று நோக்கும் கோபுரத்தையும் நடுவில் வைப்பதே அழகு. "விதிப்படி இல்லை" என்று சொல்லுமுன், அவ்விதி இப்படத்திற்குப் பொருந்துமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

சொல்லும் முறை

சன்னலருகே அமர்ந்து பாட்டி சிரிக்கிறார், வெளியே வெயில், முகமோ கருத்துவிட்டது. இதனைப் பார்த்த ஒருவர், "வெளிச்சத்தை எதிரே வைத்துக்கொண்டு யாராவது எடுப்பார்களா?" என்கிறார். மற்றொருவர், "தம்பி, பாட்டி சிரித்த நொடியைத் தவறவிடாமற் பிடித்திருக்கிறாய், கையைக் கன்னத்தில் வைத்திருப்பதும் அழகு. முகத்தில் மட்டும் ஒளி விழவில்லை. அடுத்த முறை நீ சன்னல் பக்கம் வந்து நின்று, பாட்டியை உன்னை நோக்கித் திரும்பச் சொல். அதே சிரிப்பு இன்னும் நன்றாகத் தெரியும்" என்கிறார். இருவரும் கண்ட குறை ஒன்றே. ஆனால் இரண்டாமவர் நிறையைப் பெயர் சொல்லிக் காட்டினார், குறைகளுள் ஒன்றை மட்டுமே எடுத்தார், காரணமும் கூறினார், நாளையே செய்யத்தக்க வழியும் தந்தார்.

"காமிரா உயர்ந்தது போலிருக்கிறது" என்னும் பாராட்டையும் தவிர்க்கவேண்டும். அது கண்ணின் பெருமையைக் கருவிக்கு அளித்துவிடுகின்றது.

கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு. குறை சொல்லப்படும்போது சமாதானம் கூறாமற் செவிமடுத்தல் வேண்டும். சொன்னபடி ஒரு முறை எடுத்துப் பார்த்து, அதன்பின் ஏற்பதோ விடுவதோ அவர் விருப்பம்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு மாலை, நான்கைந்து குடும்பங்கள் கூடி, வீட்டுக்கு ஒரு படம் கொண்டுவந்து இவ்வாறு பேசிப் பார்க்கலாம். பேச்சு தமிழிலேயே நிகழட்டும். பள்ளியில் வேறு மொழி பயிலும் நம் பிள்ளைகள் ஒளி, நிழல், பின்னணி, சாய்வு, நெருக்கம் முதலிய சொற்களைப் பாடமாகவன்றிப் பழக்கமாகவே கற்பர். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் பிள்ளைகள், பாட்டியின் முகத்தில் ஒளி விழ எடுத்த படத்துடன் திரும்புவார்களாக.