அகவயக் குறிச்சொற்களும் எழுத்தாளரின் படைப்பு ஒழுங்கும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி மானாவாரி நிலத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

எழுத்தாளர் தம் குறிப்புகளையும் வரைவுகளையும் ஒழுங்குபடுத்த ஊர், நாள், வகைமை முதலிய புறவய மீதரவுகள் மட்டும் போதுவதில்லை. தம் மதிப்பீட்டையும் உணர்வையும் சுட்டும் அகவயக் குறிச்சொற்களும் தேவைப்படுகின்றன. திணை, பண் ஆகிய மரபுகளின் துணையோடு இத்தேவையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மீதரவு, குறிச்சொல், திணை, பண்முறை, கரிசல்.

முன்னுரை

தரவைப் பற்றிய தரவு மீதரவு எனப்படும். 1995இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்து டப்ளின் நகரில் உருப்பெறத் தொடங்கிய டப்ளின் கோர் முறை, பின்னர் 15 கூறுகளாக வரையறுக்கப்பட்டது. தலைப்பு, படைப்பாளர், நாள் போன்றவற்றை யார் பதிந்தாலும் விடை பெரும்பாலும் ஒன்றே. நூலகத்திற்கு இது வலிமை. ஆனால் எழுத்தாளர் தம் குறிப்பேட்டில் தேடுவது பெரும்பாலும் நாளையன்று. ஒரு குறிப்பு தமக்கு என்னவாக இருந்தது என்பதையே.

மரபில் குறிச்சொல்

தொல்காப்பியம் அகப்பொருளை முதல், கரு, உரி எனப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் புறத்தே காணத்தக்கவை. உரிப்பொருள் உணர்வைச் சார்ந்தது. அகநானூற்றைத் தொகுத்தோர் திணையையே வரிசையெண்ணாக்கினர். ஒற்றைப்படை எண்கள் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 எனப் பத்தின் மடங்காக வருவன நெய்தல். பாடலின் எண்ணை அறிந்தவுடன் திணையும் விளங்குகிறது.

தேவாரத்தில் இரு ஒழுங்குகள் உள்ளன. சுந்தரரின் திருச்சுழியல் பதிகம் தலமுறையில் பாண்டிநாட்டுத் தலங்களோடு வைக்கப்படும். பண்முறையிலோ, நட்டபாடை என்பதால், இமயத்துக் கேதாரத்திற்கும் ஈழத்துக் கேதீச்சரத்திற்கும் உரிய பதிகங்களோடு ஒரே தொகுதியில் அமைகிறது. தலம் தேடுவோருக்கு ஓர் ஒழுங்கும் பாடுவோருக்கு மற்றோர் ஒழுங்கும் பயன்படுகின்றன. ஒன்று மற்றொன்றை விலக்கவில்லை.

மானாவாரி நிலத்தில்

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரக் கருத்து. அஃதாவது பாலை இடப்பெயரன்று, நிலைப்பெயர். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியின் கரிசலும் இவ்வாறே நிலை மாறுவது. வடகிழக்குப் பருவமழை பெய்தால் பருத்தியும் பயறும் விளையும் புஞ்சை, கோடையில் வெடித்துக் கிடக்கும். இவ்வட்டாரத்தைப் பற்றி எழுதுவோர் ‘திருச்சுழி’, ‘கண்மாய்’ என்று மட்டும் குறித்து வைத்தால், மறுகால் பாய்ந்த நாளின் குறிப்பும், நீரின்றி ஊரார் வெளியூர் சென்ற ஆண்டின் குறிப்பும் ஒரே கட்டில் சேர்ந்துவிடும். ‘காத்திருப்பு’, ‘ஊர் நீங்கல்’, ‘கேட்டது, சரிபார்க்கவில்லை’, ‘கதையாகும்’ போன்ற குறிச்சொற்களே அவற்றைப் பிரித்துக்காட்டும். இறுதி இரண்டும் உணர்வைச் சுட்டாமல் நம்பகத்தையும் நோக்கத்தையும் சுட்டுகின்றன, இவையும் அகவயமானவையே.

வரம்புகள்

அகவயக் குறிச்சொல்லின் குறை அதன் நிலையாமை. இன்று ‘ஏக்கம்’ எனப்பட்டது பத்தாண்டு கழித்து ‘சினம்’ எனத் தோன்றலாம். எனவே குறிச்சொற்கள் சிலவாக இருத்தல், ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம் எழுதி வைத்தல், இட்ட நாளைப் பதிதல், புறவயத் தரவோடு கலவாமல் தனிப் புலத்தில் வைத்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. பழைய குறிச்சொல்லை அழிக்காமல் புதியதை அருகே சேர்த்தால், எழுத்தாளரின் பார்வை மாறிய வரலாறும் பதிவாகும்.

முடிவுரை

எழுத்தாளர் மறைந்தபின் அவருடைய தாள்கள் ஆவணக்காப்பகத்தை அடையும்போது, ஊரையும் நாளையும் பிறர் ஓரளவு மீட்டெடுக்க இயலும். எக்குறிப்பை அவர் நம்பினார், எதை ஐயுற்றார், எதை எழுதாமல் விட்டார் என்பதை அவரன்றிப் பிறர் பதிய இயலாது. ஆகவே காப்பகங்கள் அட்டவணைப்படுத்தும்போது எழுத்தாளரின் சொந்தக் குறிச்சொற்களை நீக்கிப் பொதுச் சொற்களை இடாமல், இரண்டையும் அருகருகே பேணுதல் வேண்டும். தலமுறையும் பண்முறையும் ஒருங்கே வழங்கிவரும் மரபு இதற்குத் தக்க முன்மாதிரியாகும்.