மாறாப் படிவமும் மாறும் செய்தியும்



தபாற்கந்தோரில் வழங்கப்படும் காசுக்கட்டளைப் படிவத்தை நீங்கள் அறிவீர்கள். அதில் அச்சிட்ட சொற்கள் எல்லோருக்கும் ஒன்றே. பெயரும் தொகையும் எழுதவேண்டிய இடங்கள் மாத்திரம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். இன்றைய இணையத்தளப் பக்கங்களுட் பெரும்பாலானவை இம்முறையிலேயே ஆக்கப்படுகின்றன.

1991 ஆம் ஆண்டில், ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ண் ஆய்வுநிலையத்திலிருந்து ரிம் பேர்ணர்ஸ்-லீ என்பார் உலகுக்கு அறிமுகஞ்செய்த முதல் இணையத்தளத்தின் பக்கங்கள் எழுதி வைத்தபடியே இருப்பவை. திருத்தம் வேண்டின், அப்பக்கத்தையே திறந்து திருத்துதல் வேண்டும். நாள்தோறும் பல செய்திகளை வெளியிடும் பத்திரிகைக்கு இது ஒவ்வாதன்றோ? ஆகவே, செய்தியைத் தரவுத்தளத்திலும் பக்கத்தின் அமைப்பை வார்ப்புருவிலும் வேறுவேறாக வைக்கும் முறை வழக்குக்கு வந்தது.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே, லோரன்ஸ் நகரத்துப் பத்திரிகை அலுவலகமொன்றில் உருவாகி, 2005 இல் யாவர்க்கும் பொதுவாக வெளியிடப்பட்ட ஜாங்கோ என்னும் மென்பொருள் இதற்கு நல்ல உதாரணமாகும். அதன் வார்ப்புருவில், வெற்றிடம் ஒவ்வொன்றும் இரட்டை நெளிவடைப்புக்குள் ஒரு பெயரைத் தாங்கி நிற்கும். 'தலைப்பு' என்று அங்கே குறித்திருந்தால், வாசகர் பக்கத்தைக் கேட்கும் கணத்தில் தரவுத்தளத்திலுள்ள தலைப்பு அவ்விடத்திற் சென்று அமரும். பத்துச் செய்திகள் இருப்பின், ஒரே அமைப்பைப் பத்து முறை நிரப்பும் கட்டளையும் உண்டு. செய்தி எதுவும் இல்லையாயின், அதனைத் தெரிவிக்கும் கட்டளையும் உண்டு.

இவ்வளவு எளிய செயலில் ஆபத்து யாது என நீங்கள் வினவலாம். படிவத்தில் ஒருவர் எழுதியது பெயரா, வேறேதேனுமா என்பதைத் தபால் உத்தியோகத்தர் பார்த்தவுடன் அறிவார். பக்கத்தைக் காட்டும் உலாவிக்கு அவ்வறிவு இல்லை. கோணக்குறிக்குள் வருவதை அது கட்டளையாகவே கொள்ளும். பெயரெழுதும் இடத்தில் ஒருவர் கட்டளையை எழுதிவிட்டால், அப்பக்கத்தைத் திறப்போரின் கணினிகளிலெல்லாம் அது இயங்கத் தொடங்கும்.

2005 ஒக்டோபரில் நிகழ்ந்ததும் இத்தகையதே. மைஸ்பேஸ் என்னும் தளம், உறுப்பினர்கள் தத்தம் பக்கங்களை அலங்கரிக்கச் சில குறிகளை அனுமதித்து, தீங்கானவற்றை மாத்திரம் விலக்கி வந்தது. இளைஞர் ஒருவர் அவ்விலக்கில் இடைவெளி கண்டார். தம் பக்கத்தைப் பார்த்தவரின் பக்கத்திலும் தன்னைத் தானே எழுதிக்கொள்ளும் கட்டளையொன்றைப் பதித்தார். ஒரு நாள் முடியுமுன்னரே 10 இலட்சத்துக்கு மேற்பட்டோரை அது பற்றிக்கொண்டது.

இதற்குப் பரிகாரம் எளிது. பிறர் எழுதியதைப் பக்கத்தில் வைக்குமுன், அதிலுள்ள கோணக்குறி, மேற்கோட்குறி முதலியவற்றை அவற்றுக்குரிய மாற்றுக்குறிகளாக ஆக்கிவிடவேண்டும். வாசகர் கண்ணுக்கு அதே குறிதான் தோன்றும். உலாவியோ அதனை வெறும் எழுத்தாகவே கொள்ளும். 2008 இல் வெளிவந்த ஜாங்கோவின் 1.0 ஆம் பதிப்பு முதல் இம்மாற்றம் கேளாமலே நடைபெறுகின்றது. வேண்டாமென்போரே அதனை வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும்.

ஆயிரம் வெற்றிடங்களுள் ஒன்றை மறத்தல் மனித இயல்பு. மறதிக்கு இடம்விட்டு அமைத்த காவலே நிலைபெறும் காவலாகும்.