கால் வீக்கத்துக்கும் ஒரு மாத்திரையா?

மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்த 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்ததிலிருந்து வாசகர் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: என் மாத்திரை அந்தப் பட்டியலில் இருக்கிறதா? மாத்திரை அட்டையைப் படமெடுத்து அனுப்பியவர்களும் உண்டு. தனித்தனியாகப் பதில் எழுத நேரமில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பாதுகாப்பான மாற்று இருப்பதால் தடை என்கிறது அறிவிப்பு. 2016இல் 344, வழக்குகளுக்குப் பிறகு 2018இல் 328 என்று முன்பும் தடை வந்தது. இவற்றுக்கு உரிமம் கொடுத்தது யார் என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு முறையும் நழுவிவிடுகிறது.

தினமும் ஐந்து மருந்தோ அதற்கு மேலோ என்றால் ஆபத்து கூடும் என்பது வழக்கமான கணக்கு. கூட்டு மருந்துகளால் நம் ஊரில் அந்த எண்ணிக்கையே பிடிபடாது. பிரஷர் மாத்திரைப் பெயரின் வாலில் ‘ஏஎம்’ இருந்தால் பெரும்பாலும் உள்ளே அம்லோடிபின். ‘ஹெச்’ என்றால் நீர் பிரிக்கும் மருந்து. கேஸ் மாத்திரையின் ‘டி’ டோம்பெரிடோன். மூன்று மாத்திரைதான் என்பவர் ஆறு மருந்து விழுங்கிக்கொண்டிருக்கலாம்.

என்னை அதிகம் உறுத்துவது எண்ணிக்கை அல்ல. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து, அதற்கு இன்னொரு மருந்து எழுதுவது. பவுலா ரோச்சன், ஜெர்ரி கர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தச் சங்கிலியை விவரித்தார்கள்.

பெங்களூரு அல்சூரில் எழுபதை நெருங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிரஷருக்கு அம்லோடிபின். அது நுண்ணிய தமனிகளை விரிக்கிறது. சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரத்து கூடிப் போக்கு கூடாததால் நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. உடம்பில் நீர் மிகுந்து வந்த வீக்கம் அல்ல இது; ஆகவே நீர் பிரிக்கும் மாத்திரைக்கு அவ்வளவாகப் பணியாது. இருந்தும் ஜெயநகரில் இன்னொரு டாக்டர் அதைத்தான் எழுதுகிறார். அது யூரிக் அமிலத்தை ஏற்றுகிறது, கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வலிக்கிறது. எலும்பு டாக்டர் வலி மாத்திரை தருகிறார், வயிற்றுக்குத் துணையாக ஒரு கேஸ் மாத்திரையும். வலி மாத்திரை பிரஷரை ஏற்றுகிறது. முதல் டாக்டர் ஐந்து மில்லிகிராம் அம்லோடிபினைப் பத்தாக்குகிறார். வீக்கம் கூடுகிறது.

இதில் ஒருவர்கூட முட்டாள்தனமாக எதையும் எழுதவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. நடுவே டெல்மிசார்டான் என்ற இன்னொரு பிரஷர் மருந்தும் இருந்துவிட்டால், அது, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்து சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டத் தேவையான அழுத்தத்தைக் குறைக்கும். வாந்தி, பேதி வந்து உடம்பில் நீர் வற்றும் நாளில் சிறுநீரகமே தடுமாறிவிடலாம்.

2021இல் நாடு முழுக்கத் தொடங்கிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம், 14 இலக்க ஆபா எண்ணில் எல்லாச் சீட்டும் ஒன்றுசேரும் என்கிறது. தெருமுனை கிளினிக்கில் கையால் கிறுக்கித் தந்த சீட்டு அதற்குள் தானாகப் போய் உட்காராது. இப்போதைக்கு நம்பகமான சர்வர் ஒரு மஞ்சப்பை: எல்லா அட்டைகளையும் அதில் போட்டு ஒரே டாக்டரின் மேசையில் கொட்டுங்கள். ‘இதில் எதை நிறுத்தலாம்?’ என்று கேளுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

நானே நிறுத்தலாமா? கூடாது, வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, சில இதய மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் வேறு ஆபத்து.

ஜன் ஔஷதி மாத்திரை? அதே மருந்துதான், பழைய பிராண்டையும் சேர்த்து விழுங்கினால் இரட்டை டோஸ்.

கஷாயம்? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

தேவனஹள்ளி சக்கோதா என்ற பம்பளிமாஸ் பழம்? கிரேப்ஃப்ரூட்டின் உறவு, சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் கூட்டலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பக்கவிளைவை யாரிடம் சொல்ல? டாக்டரிடம், பிறகு 1800-180-3024, கட்டணமில்லை.