வயிற்றுவலியா, மனக்கவலையா?

திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, பரீட்சை என்றால் தலைவலி, லீவு விட்டால் ஒன்றுமே இல்லை! உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை உண்டா? "சும்மா நடிக்கிறா", "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்றெல்லாம் கேட்டிருப்பீர்கள்.

என் பத்து வயது மகளுக்கும் இதே தொல்லைதான். உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு, குழந்தைகள் மனநல டாக்டர் எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு கேள்வித்தாளைக் கொடுத்தார். "இதுவும் பரீட்சையா அங்கிள்?" என்றாள் மகள். "இதுல பாஸும் இல்லே, பெயிலும் இல்லேம்மா" என்று சிரித்தார் அவர்.

அதன் பெயர் 'ஸ்கேர்ட்'. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டாக்டர் போரிஸ் பிர்மாஹர் குழுவினர் உருவாக்கி, 1997-ல் வெளியிட்டது. 8 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கானது. இப்போது புழக்கத்தில் உள்ளதில் 41 வாக்கியங்கள். திடீர்ப் படபடப்பு, எதற்கெடுத்தாலும் கவலை, அம்மா அப்பாவைப் பிரியும் பயம், பிறர் முன் கூச்சம், பள்ளி என்றால் நடுக்கம் ஆகிய ஐந்தையும் அவை தொட்டுப் பார்க்கின்றன. கடந்த 3 மாதங்களை நினைத்து, 'இல்லை' என்றால் 0, 'சில சமயம்' என்றால் 1, 'அடிக்கடி' என்றால் 2 என்று குறிக்க வேண்டும்.

இரண்டு தாள் எதற்கு? குழந்தை சாப்பிடாததும் தூங்காததும் தாய்க்குத் தெரியும்; மனசுக்குள் ஓடுவது அதற்குத்தான் தெரியும். 'மற்றவர்களுக்கு என்னைப் பிடிக்குமோ' என்ற கவலைக்கு நான் 0 போட்டிருந்தேன். அவள் போட்டது 2! "யார் சொல்றது சரின்னு பட்டிமன்றம் வேண்டாம். பேச்சை இங்கேயிருந்து ஆரம்பிங்க" என்றார் டாக்டர். அன்று இரவு பேசினோம். வகுப்பில் அவளை யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வதில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

தாய்மார்கள் கவனிக்க:

* மொத்தம் 25-ம் அதற்கு மேலும் வந்தால் பதற்ற நோய் இருக்கலாம் என்று பொருள். இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. தெர்மாமீட்டர் ஜுரத்தைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது அல்லவா? காரணத்தை டாக்டர்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.
* எண் குறைவாக வந்தும் குழந்தை தவித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.
* 8 முதல் 11 வயதுக் குழந்தைக்குப் புரியாத வரியை விளக்குங்கள். பதிலை மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள்.
* "சாகணும் போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால் எந்தத் தாளுக்கும் காத்திராமல் உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு, 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' இருக்கிறது. 14416-க்குப் போன் செய்தால், செலவில்லாமல் ஆலோசனை சொல்வார்கள்.