எண் சரியானால் குரல் சரியாகும்

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு வந்து சேர்ந்தபோது, சாவகச்சேரியின் பாடசாலைகளும் கோவில்களும் மரநிழல்களும் நிரம்பி வழிந்தன. 1990 முதலே குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றறியோ தடைசெய்யப்பட்ட பொருள். ஆயினும் செய்தி நேரத்துக்கு றேடியோ பேசத்தான் செய்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையாற் சுற்ற, டைனமோ தந்த 6 வோல்ற்றில் மற்றவர்கள் சூழ்ந்திருந்து பீ.பீ.சி. தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்!

தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரலோடு நின்றது. வெரித்தாஸின் சிற்றலை ஒலிபரப்பு 2018 யூனோடு முடிந்தது. இன்று எல்லாம் கைத்தொலைபேசியில் வருகிறது. ஆனால் கோபுரம் விழுந்தால், அல்லது அதற்கு மின்சாரம் இல்லாமற் போனால், தொலைபேசி வெறும் கண்ணாடித் துண்டு. 2004 திசம்பர் சுனாமியின்போது அம்பாந்தோட்டையில் தொலைபேசிகள் செயலிழந்த வேளையில், விக்டர் குணதிலக முதலிய அமெச்சூர் வானொலியாளர்கள் சிற்றலை மூலமே கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். மாரி காலத்தில் தாழமுக்கம் எழும்போதெல்லாம் தறப்பாள் கொட்டிலிலும் உறவினர் வளவிலும் இருக்கும் குடும்பங்களே முதலில் நனைகின்றன. அவர்களிடையே காது கொடுக்கக்கூடிய ஒருவராவது இருப்பது நல்லது.

அமெச்சூர்கள் சிற்றலையிற் பேசும் முறை வேறு. சாதாரண றேடியோவில் அது வாத்துக் கத்துவது போலவே கேட்கும். அதைப் பிரித்துக் கேட்க முன்பு விலை கூடிய பெட்டி வேண்டியிருந்தது. கணனியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென விற்கப்பட்ட, பெருவிரல் அளவான ஒரு கருவியை மென்பொருளின் துணையோடு பல அலைகளையும் கேட்கும் வானொலியாக மாற்றலாம் என்பது 2012 அளவில் பரவலாகத் தெரியவந்தது. ஆர்.ரி.எல். என்ற பெயரில் கிடைப்பது அதுவே. வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இது சிற்றலை கேட்குமா? சில வகைகள் 24 மெகா ஹேர்ட்ஸுக்குக் கீழே எதுவும் கேட்பதில்லை.

கருவியைக் கணனியின் யூ.எஸ்.பி. துளையில் செருகியதும் கணனி அதைத் தொலைக்காட்சிக் கருவி என்றே எண்ணிக்கொள்ளும். 'சாடிக்' என்ற சிறு மென்பொருளால் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டு, 'எஸ்.டி.ஆர். ஷார்ப்' போன்ற ஒன்றை இயக்குங்கள். திரையில் மழைக்கோடுகள் போல அலைகள் இறங்கும். தொடர்ந்து இறங்கும் கோடுகளிற் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஒரு நிலையம்.

அன்ரனாவுக்கு 10 மீற்றர் செம்புக்கம்பி போதும். இரண்டு தென்னைகளுக்கிடையே, மின்சாரக் கம்பிக்கு எட்டவே எட்டாத இடத்தில் கட்டுங்கள். இடி முழக்கம் கேட்டால் கழற்றிவிடுங்கள். திரை முழுவதும் இரைச்சலாக இருந்தால் முதலில் வீட்டைச் சந்தேகியுங்கள்: மலிவான எல்.ஈ.டி. குமிழ், தொலைபேசி சார்ஜர், சோலர் தட்டோடு வரும் மின்னேற்றப் பெட்டி ஆகிய மூன்றுமே பெரும் குழப்படிக்காரர். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவார். அனேகமாகச் சோலர்ப் பெட்டிதான்.

இனித்தான் முக்கிய வேலை. சந்தைக்குப் பலாப்பழமோ தேங்காயோ கொண்டுபோகிறவர்கள் வியாபாரியின் தராசை அப்படியே நம்புவதில்லை. நிறை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்ப்பார்கள். இந்தக் கருவிக்குள் இருக்கும் பளிங்குத் துண்டும் ஒரு தராசுதான். அது நொடிக்கு 2 கோடியே 88 இலட்சம் தடவை அதிரவேண்டும். மலிவான கருவிகளில் சற்றுக் கூடியோ குறைந்தோ அதிரும். சூடேற ஏற அதுவும் மாறும். ஆகவே செருகி 20 நிமிடம் ஓடவிட்ட பின்பே அளக்கவேண்டும்.

படிக்கல் எங்கே? சீனாவின் பி.பி.எம். என்னும் நேரக்குறி நிலையம் 5, 10, 15 மெகா ஹேர்ட்ஸில், நொடிக்கொரு 'டிக்' என்று ஒலிக்கிறது. அதன் அலை மிகத் துல்லியமானது. இரவில் 10 மெகா ஹேர்ட்ஸைத் தேடுங்கள். மென்பொருளில் திருத்த எண்ணை 0 ஆக வைத்து, கோடு எங்கே விழுகிறது என்று பெருப்பித்துப் பாருங்கள். 10.0005 இல் விழுந்தால் பிழை 500 ஹேர்ட்ஸ். பத்தால் வகுத்தால் 50. அதாவது பத்து இலட்சத்தில் 50 பங்கு. அந்த 50ஐத் திருத்தக் கட்டத்தில் இடுங்கள். கோடு இன்னும் விலகிப்போனால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள். பிறகு 5இலும் 15இலும் பாருங்கள். மூன்றும் இடத்தில் இருந்தால் தராசு சரி. விலை கூடிய வகைகளில் வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் பளிங்கு இருப்பதால் பிழை ஒன்றிரண்டுக்கு மேல் வருவது அரிது.

ஐம்பது பங்கு என்ன பெரிய காரியம் என்று கேட்கலாம். எமது வலயத்தில் அமெச்சூர்கள் அவசரகால அழைப்புக்கென ஒதுக்கியிருக்கும் அலைகளில் ஒன்று 7.110 மெகா ஹேர்ட்ஸ். அங்கே அந்தப் பிழை 355 ஹேர்ட்ஸ் ஆகும். பேசுவது மனிதர் என்று தெரியும். 'ஐந்து' என்றாரா 'ஐம்பது' என்றாரா என்பது தெரியாது. 145 மெகா ஹேர்ட்ஸிலோ 7 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேல் விலகி, குரல் உடைந்து கரகரக்கும். 7.110 இல் கேட்கும்போது எல்.எஸ்.பி. என்ற முறையைத் தெரிவுசெய்ய மறவாதீர்கள். நாள் முழுவதும் அங்கே பேச்சு இருக்காது. மாலை வேளையில் அதன் அயலில் பொறுமையாகத் தேடுங்கள்.

இது கேட்கும் கருவி மட்டுமே. உதவி கேட்டு அழைக்க முடியாது. ஒலிபரப்புவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் மூலம் எந்த வானொலிக் கருவியைத் தருவிப்பதானாலும் முன்கூட்டியே அங்கே விசாரியுங்கள். வளவில் ஒரு கம்பி கட்டினாலே கேள்வி எழுந்த காலத்தை நாம் கடந்து வந்தவர்கள். ஆகையால் கம்பி எதற்கென்று கிராம அலுவலரிடமும் அயலவரிடமும் முதலிலேயே சொல்லிவைப்பதே உத்தமம்.

கண்டுபிடித்த திருத்த எண்ணைச் சிறு கடதாசியில் திகதியோடு எழுதிக் கருவியிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த வீட்டுக் கருவிக்கு அந்த எண் பொருந்தாது. பங்குனி வெக்கையில் அளந்ததை மார்கழிக் குளிரில் ஒருமுறை திரும்பவும் அளந்து பாருங்கள்.