குஞ்சின் வாய் எவ்வளவு பெரிது?

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில், “வீட்டிலேயே சுலபமா குஞ்சு எடுக்க எந்த மீன் நல்லது?” என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாகக் கப்பியைத்தான் கைகாட்டுவார்கள். சரியான பதில். ஆனால் ‘சீக்கிரம் பெருகும்’ என்று அதற்குச் சொல்லப்படும் காரணம் பாதி உண்மை. வயிறாரத் தீனியும் பிடித்த தண்ணீரும் கிடைத்தால் எத்தனையோ மீன்கள் ஒரே காலையில் நூறு முட்டை போட்டுவிடும். அந்த நூறும் பத்து நாளில் காணாமல் போவதில்தான் சிக்கல். முட்டை பொரிக்கும், ஆனால் வெளியே வந்த குஞ்சின் வாய்க்குள் நுழையும் அளவுக்குச் சிறிய இரை நம்மிடம் இருக்காது. ஆகவே நிறத்தையும் வாலையும் பார்த்து மயங்குவதற்கு முன், அந்த மீனின் குஞ்சுக்கு வாய் எவ்வளவு பெரிது என்று யோசித்துவிடுவது நல்லது.

கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் எல்லாம் ‘குட்டி போடும் மீன்’ வகை. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே மூன்று, நான்கு வாரம் வளர்ந்து, மஞ்சள் கருவைப் பெரும்பாலும் கரைத்துவிட்டு, நீந்தத் தெரிந்த குட்டியாகவே வெளியே வருகிறது. கப்பிக் குட்டி பிறக்கும்போதே கிட்டத்தட்ட 6, 7 மில்லிமீட்டர் நீளம். பெரிய மீனுக்குப் போடும் குருணைத் தீவனத்தையே விரலால் மாவாக நுணுக்கிப் போட்டால் அன்றே தின்னத் தொடங்கிவிடும். புதிதாக வளர்ப்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை கிடையாது.

கடையில் வாங்கிய பெண் மீன் தனியாக இருந்தும் குட்டி போடுகிறதே என்று சிலர் வியப்பார்கள். ஆணின் விந்தைப் பெண் கப்பி தன் உடலுக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு முறை கூடினால் போதும், அடுத்தடுத்துப் பல ஈற்றுகள் வந்துகொண்டே இருக்கும். மலவாய்க்கு அருகே உள்ள கரும்புள்ளி பெரிதாகி, வயிறு பெட்டிபோலப் புடைத்தால் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். அப்போது தொட்டியில் ஜாவா மாஸ் போன்ற பாசிக்கொத்தைத் தாராளமாகப் போட்டு வைக்க வேண்டும். தான் பெற்றதையே தின்னும் தாய் அது. குட்டிகளுக்கு ஒளிய இடம் தேவை.

இந்தக் குட்டியின் அளவை வைத்தே பரிணாமத்தைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். கப்பியின் தாயகங்களில் ஒன்றான டிரினிடாட் தீவின் மலை ஓடைகளில், அருவிக்குக் கீழே பெரிய வேட்டை மீன்கள் உண்டு. அருவிக்கு மேலே அவை ஏற முடியாது. கீழே வாழும் கப்பிகள் சீக்கிரமே பருவமடைந்து, சிறிய குட்டிகளை நிறையப் போடுகின்றன. எப்போது விழுங்கப்படுவோமோ என்ற நிலையில் காத்திருப்பது கட்டுப்படியாகாது. மேலே உள்ளவை நிதானமாக, பெரிய குட்டிகளாகக் கொஞ்சம்தான் போடும். ஜான் எண்ட்லர் கீழிருந்த கப்பிகளைப் பிடித்து, ஆபத்துக் குறைந்த ஓடையில் விட்டார். டேவிட் ரெஸ்னிக்கும் அவரும் சக ஆய்வாளரும் 1990-இல் வெளியிட்ட முடிவு இது: 11 ஆண்டுகளில், அதாவது 30 முதல் 60 தலைமுறைகளுக்குள், அவற்றின் வழித்தோன்றல்கள் தாமதமாகப் பருவமடைந்து, எண்ணிக்கையில் குறைவாக, உருவில் பெரிதாகக் குட்டி போடத் தொடங்கியிருந்தன. லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும் என்று நாம் நினைக்கும் வேலை, மனித ஆயுளுக்குள் நடந்திருக்கிறது.

கப்பி சலித்துவிட்டதா? அடுத்துக் கை வைக்க வேண்டியது வரிக்குதிரை மீன், கடைக்காரர் மொழியில் சீப்ரா. கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலத்து மீன். 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் அதைப் பதிவு செய்தார். என் ஓட்டு இதற்குத்தான். காரணம், இதன் முட்டை கண்ணாடி. முதல் நாள் முடிவதற்குள்ளாகவே இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். நல்ல பூதக்கண்ணாடி இருந்தால் அதை வீட்டிலேயே பார்க்கலாம். ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இதை மரபியல் ஆய்வுக்குக் கொண்டுவந்ததற்கும், இன்று உலகெங்கும் ஆய்வகத் தொட்டிகளில் இது நீந்துவதற்கும் இந்தத் தெளிவு ஒரு முக்கியக் காரணம்.

முட்டை எடுப்பதும் எளிது. தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளை நெருக்கமாகப் பரப்பி, மாலையில் வயிறு உருண்ட பெண்ணையும் ஒல்லியான ஆண்களையும் விடுங்கள். விடிந்து வெளிச்சம் பட்டதும் முட்டை போடும். முட்டை குண்டுகளின் இடுக்கில் விழுந்துவிடுவதால் பெற்றோரின் வாய்க்கு எட்டாது. உடனே பெரிய மீன்களை எடுத்துவிட வேண்டும். இரண்டு, மூன்று நாளில் பொரியும். ஐந்தாம் நாள் நீந்தத் தொடங்கும்போதுதான் வாய்ப் பிரச்சினை தலைகாட்டும். குஞ்சு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். நுணுக்கிய குருணைகூட அதற்குப் பாறை. பாரமீசியம் போன்ற நுண்ணுயிர்கள் வேண்டும். பழைய தொட்டித் தண்ணீரில் சிறு துண்டு வாழைப்பழத் தோலைப் போட்டுச் சில நாள் வெளிச்சத்தில் வைத்தால் அவை பெருகும் (நாற்றத்தை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும்). ஒரு வாரம் கழித்து, உப்புநீரில் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் பொடி இறால் குஞ்சுகளுக்கு மாறலாம். முட்டை போடுவதற்கு முன்பே இரையைத் தயார் செய்யாதவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஃபைட்டர் மூன்றாவது. நுரைக்கூடு கட்டி, நழுவும் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கும் அப்பாவைப் பார்க்க அழகுதான். ஆனால் குஞ்சுகள் மிகப் பொடி. முட்டை போட்டதும் பெண்ணை எடுக்காவிட்டால் அந்த அப்பாவே அதைக் கடித்துக் குதறிவிடும். நியான் டெட்ராவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் கிடைக்கும் உப்பேறிய போர் தண்ணீர் அதற்கு ஆகாது. அதே தண்ணீர் கப்பிக்கும் மோலிக்கும் பிடித்தமானது. குழாய்த் தண்ணீரென்றால் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். குட்டிகள் உள்ள தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மோட்டார் ஃபில்டர் அவற்றை உறிஞ்சிவிடும்.

கப்பியில் ஒரு வேலை மட்டும் கட்டாயம். ஒரு மாதத்துக்குள் ஆண்குட்டிகளின் அடித்துடுப்பு குச்சிபோல நீளத் தொடங்கும். பெண்குட்டிகளோடு கூடுவதற்கு முன், அப்போதே அவற்றை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். மிஞ்சியவற்றை ஏரியிலோ கால்வாயிலோ ஊற்றாதீர்கள். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று சுகாதாரத் துறையினர் நீர்நிலைகளில் விடும் மீன்தான் என்றாலும், பரவிய இடங்களில் உள்ளூர்ச் சிறுமீன்களோடு இரைக்குப் போட்டியிட்டு அவற்றின் குஞ்சுகளையும் தின்னும் அயல் மீன் இது. நன்றாக வளர்ந்த குட்டிகளாக இருந்தால், தீவனத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள்; வாங்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.